முற்றத்தில் ஓர் ஒடிசா

பள்ளிக்கூட முற்றத்தில் ரெஜினா டீச்சர் சாக்பீஸால் இந்திய வரைபடத்தைப் பெரிதாக வரைந்தார். "அவங்கவங்க ஊர்ல போய் நில்லுங்க" என்றார். தெற்கு முனையில் ஒரே தள்ளுமுள்ளு. நாலாம் வகுப்பே அந்தச் சின்ன இடத்துக்குள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றது. செங்கல் சூளை வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் குந்தலா மட்டும் கடலோரமாகவே மேலே நடந்தாள். ஒடிசா வந்ததும் செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் தமிழ்நாட்டைக் காலால் அழித்துக்கொண்டு ஓடினார்கள். குந்தலா நகரவில்லை.

"சோறு ஆறுது கண்ணு, எழுந்து வா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பத்தான டீச்சர் வந்தேன்."