இருபத்தைந்தாவது சபை

“என் பேர அடிச்சிரு.”

“யக்கா, மெதுவா—”

“மெதுவாத்தான் சொல்லுதேன். பேனாவ எடு. அடி.”

“நாளைக்குக் காலைல பிரதிஷ்டை. பட்டியல பேராயர் கையில குடுக்க—”

“அப்பம் அவரு கையில இருந்தே வாங்கி அடிப்பேன்.”

வேதமுத்து தாளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

புது ஆலயத்துக்குள் அக்காவும் தம்பியும் மட்டும்தான். சுவரில் ஈரம் காயவில்லை. வாசலில் சாய்த்து வைத்திருந்த பலகையில் ‘மிஷனெரிப் பணித்தளம் – 25’ என்று எழுதியிருந்தது.

தாளின் தலைப்பு: புதிய விசுவாசிகள்.

முப்பத்தொரு பேர். எல்லாரும் கீழத்தெரு. முதல் பெயர் அவளுடையது.

அவளுடைய பூட்டனுக்கே ஞானஸ்நானம் ஆகிவிட்டது. அந்தப் பதிவேடு பெரிய கோயில் பீரோவில் பூச்சி அரித்துக் கிடக்கிறது.

“நான் எப்பம்ல புதுசா வந்தேன்?”

“அது சும்மா ஒரு படிவம்க்கா. மிஷனெரி சங்கத்துக்காரங்க இந்த வருசம் இருவத்தஞ்சு சபை காட்டணும். இருவத்துநாலு ஆயிட்டு. ஒண்ணு—”

“வடக்க போயிக் காட்டச் சொல்லு. பெரிய கோயிலுக்கும் இதுக்கும் நடுவுல என்னல இருக்கு? ஒரு வாய்க்கா, ஒரு ரேசன் கட. அங்க மணியடிச்சா என் அடுப்படில கேக்கு. இது பணித்தளமா?”

“கத்தாத.”

“கத்துவேன்.”

முப்பது வருடமாக உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துத் தகர டப்பாவில் போட்டவள் அவள். மிஷனெரி அரிசி. வீட்டில் எல்லாரும் கஞ்சித் தண்ணீரோடு படுத்த நாட்களிலும் அந்த டப்பாவைத் தொட்டதில்லை. மாதக் கடைசி ஞாயிறு கொண்டுபோய்க் காணிக்கைச் சாக்கில் கொட்டுவாள்.

“ஒரிசாவுல எவனோ ஒருத்தன் கும்பிடக் கோயில் எழும்பும்னுல்லா போட்டேன். என்னைய வெளிய தள்ளக் கட்டுவாகன்னு யாருக்குத் தெரியும்?”

“யாரும் தள்ளல. நாமளாத்தான் தனியாப் போறோம்னு எழுதிக் குடுத்திருக்கோம்.”

“யாரு எழுதுனா?”

அவன் சுவரைப் பார்த்தான்.

“யாருல எழுதுனா?”

“நாந்தான். நாந்தான் எழுதுனேன். போதுமா?” அவனும் இப்போது கத்தினான். “அங்க நமக்கு என்னக்கா இருக்கு? ராப்போசனம்னா அப்பமும் ரசமும் முன்பெஞ்சுக்காரவுக எல்லாரும் எடுத்து முடிக்கணும். பெறகுதான் நாம. இருவத்திரெண்டு வருசமா உபதேசியார்னு பேரு. மணி அடிச்சேன். பெஞ்சு தொடச்சேன். பாதிரி ஐயருக்குக் குடை புடிச்சேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, பிரசங்க பீடத்துல ஏறவிட்டாகளா? இங்க ஏறுவேன். நாளைக்கு ஏறுவேன்.”



அவள் பீடத்தைப் பார்த்தாள். சின்னதுதான். பாலிஷ் வாடை இன்னும் போகவில்லை. அதன் மேல் வெள்ளை அங்கியோடு தம்பியை மனதில் நிறுத்திப் பார்த்தாள்.

நன்றாகத்தான் இருந்தான்.

அதனால்தான் அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது.

“ஏறுனா அங்க ஏறுல. கோட்டிக்காரப் பயலே, நான் எதுக்கு இம்புட்டு வருசம் கடைசி பெஞ்சுல இருந்தேன்? இன்னைக்கில்லன்னா நாளைக்கு முன்னால போயிருவோம்னுதான. போயிட்டம்லா! போன வருசம் ரெண்டு பெஞ்சு முன்னால போயி இருந்துட்டேன். ஒருத்தர் ஒரு வார்த்த சொன்னாகளா?”

“அதான்க்கா.”

“என்ன அதான்?”

“அதுக்குப் பெறகுதான் இங்க எடம் பாத்தாக.”

சுவரில் வடிந்த ஒரு சொட்டுச் சுண்ணாம்பு தரைக்கு வந்து சேர்ந்தது.

  அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கினாள்.

வாசலில் கார் நின்றது.

“சங்கத்துச் செயலர் ஐயா வந்துட்டாக.” வேதமுத்து அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டான். “யக்கா, ஒன் கால்ல விழுதேன். ஒண்ணும் பேசிராத.”

வெள்ளை உடுப்பு. சென்ட் மணம். வந்தவர் முதலில் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு மேற்கூரையைப் பார்த்தார். பிறகு அவளை.

அவரை அவளுக்குத் தெரியும்.

பெரிய கோயிலில் தூணோரம் இருக்கும் பெஞ்சு அவருடையது. ஜெபத்துக்குக் கண் மூடும் நேரம் போக முப்பது வருடமாக அவள் கண்ணெதிரே இருந்தது அவருடைய பிடரிதான். அது நரைத்ததும், மயிர் உதிர்ந்ததும், பேரப்பிள்ளை தோளில் தூங்கி எச்சில் வடித்ததும் அவளுக்குத் தெரியும். போன வருடம், காலருக்கு மேலே இருக்கும் மச்சம் தெரிகிற அளவுக்கு நெருங்கியிருந்தாள்.

“ஸ்தோத்திரம்மா,” என்றார்.

பட்டியலை வாங்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டு முதல் பெயரைப் படித்தார்.

“ஞானவடிவு. நீங்கதானாம்மா? நாளைக்கு பேராயர் முன்னால நீங்கதான் சாட்சி சொல்லணும்.” குனிந்து, குழந்தையிடம் பேசுகிறவர்போலக் கனிவாகக் கேட்டார். “எப்பம்மா ஆண்டவர ஏத்துக்கிட்டீங்க? இதுக்கு முன்னால கோயிலுக்கெல்லாம் போயிருக்கீங்களா?”

“ஐயா, அது வந்து—” என்றான் வேதமுத்து.

அவள் கையை நீட்டி அவனை நிறுத்தினாள்.

“கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பி நில்லுங்கய்யா. அப்பந்தான் எனக்கு ஒங்கள அடையாளம் தெரியும்.”