எண்பத்தாறாம் ஆண்டுக் கோல்

“காக்கா, நேராவே கேக்கிறன். எண்பத்தாறாம் ஆண்டு பைனல்ல அந்தக் கோலை அடிச்சது நீங்கதானா, இல்லையா?”

பஸ்லான் இப்படிக் கேட்டதும் அப்ஹாமின் கையிலிருந்த பிளேன்ரீ தளும்பிச் சாரத்தில் சிந்தியது.

குசினிக்குள் இருந்து அவருடைய மனைவி றஸீனா பாய்ந்து வந்தாள். “இதென்ன புதினமான கேள்வி? ஓட்டமாவடியில சின்னப்புள்ளையும் சொல்லுமே! அந்தக் கோலைக் கேள்விப்பட்டுத்தான் எங்கட வாப்பா என்னை இவருக்கு முடிச்சுத் தந்தார்!”

பஸ்லான், வெள்ளிப்பிறை விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். கழகத்துக்கு ஐம்பது வயதாகிவிட்டது. பொன்விழா மலர் நாளை அச்சுக்குப் போகிறது. கழகத்தின் வரலாற்றை எழுதும் பொறுப்பை, ஊர்ப் பள்ளியில் இருபது வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற உதயரூபன் ஆசிரியரிடம் கொடுத்திருந்தார்கள். பக்கத்து வாழைச்சேனைக்காரர். அவரும் கொப்பியும் பேனையுமாகக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

ஐம்பது வருடத்தில் கழகம் வென்ற மாவட்டக் கால்பந்துக் கப்பு ஒன்றே ஒன்று. அந்த பைனலில் விழுந்த கோலும் ஒன்றே ஒன்று. பிறகு ஏன் அடிபிடி வராது?

“கோவிச்சுக்காதீங்க ராத்தா,” என்றான் பஸ்லான். “இப்ப மூணு பேர் நான்தான் அடிச்சன் எண்டு நிக்கிறாங்க. அதில ஒராள் அந்த வருஷம் சவூதியில. இன்னொராள் பொறக்கவேயில்ல! பழைய டீம் ஆக்களிட்டக் கேட்டா, சிரிச்சிட்டு எழும்பிப் போறாங்க. உறுதியில்லாட்டி ஆர்ர பேரும் போடுறல்ல எண்டு கமிட்டி முடிவெடுத்திருக்கு.”

பேர் போடாமல் விடுவதா! நாற்பது வருடமாக ஊரில் அப்ஹாமுக்கு அந்தக் கோல்தான் முகவரி. கல்யாண வீட்டில் கூடியிருந்து சாப்பிடும் சஹன் தட்டில் அவருக்கு முதல் இடம். மருமகன் வீட்டாரிடம் றஸீனா அளந்துவிடுகிற பெருமையும் அதுவேதான். மலரில் பேர் இல்லையென்றால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

“சரி, சொல்லுங்க காக்கா. பந்து எந்தப் பக்கத்தால வந்திச்சு?”

“வலது... இல்ல, இடது. வயசு போச்சு மகன், மறந்து போச்சு.”

“காலால அடிச்சீங்களா, தலையாலயா?”

அப்ஹாம் உதயரூபனைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் தலையைக் குனிந்துகொண்டார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்க, மனுசனுக்கு வியர்த்துக் கொட்டியது.

“பாதிக் கிறவுண்டில இருந்து அடிச்சார்!” என்றாள் றஸீனா. போன பெருநாளுக்குச் சொன்னபோது அது கால் கிறவுண்டாக இருந்தது.

பஸ்லான் உதட்டைப் பிதுக்கினான். “சேர், இது சரிவராது. ‘ஒரே கோலால் வென்றது’ எண்டு மட்டும் போட்டு முடிப்பம்.”

“பொறுங்க தம்பி,” என்றார் உதயரூபன். “அந்த மெச் நடக்கக்குள்ள நானும் களுவாஞ்சிக்குடி கிறவுண்டிலதான் நிண்டன்.”

பஸ்லான் வாயைப் பிளந்தான். “இத ஏன் சேர் இவ்வளவு நாளாச் சொல்லல்ல?”

“நீங்க ஆரும் கேக்கல்லயே. அண்டைக்கு நல்ல மழை. கோலடி முழுக்கச் சேறு. கடைசி ரெண்டு நிமிசம் இருக்கக்குள்ள இடது பக்கத்துக் கோர்னரால பந்து வந்திச்சு. மறிக்க வந்த ரெண்டு பேரும் வழுக்கி விழுந்திட்டானுகள். நெத்தியால ஒரே ஒரு தட்டு! கீப்பர்ர கையில பட்டு, போஸ்டில பட்டு, உள்ள போய் விழுந்திச்சு!”

சொல்லும்போது ஆசிரியர் கதிரையை விட்டு எழும்பியேவிட்டார்.

“சரி சேர், ஆனா அடிச்ச ஆள்?”

“விசில் ஊதின றெபறி எழுதின பேர் என்ன? அப்ஹாம். கப்பு குடுக்கக்குள்ள மைக்கில கூப்பிட்ட பேர் என்ன? அப்ஹாம். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும் உங்களுக்கு?”

சொல்லிவிட்டு அவரே கொப்பியில் அந்தப் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

“அல்ஹம்துலில்லாஹ்!” றஸீனாவுக்கு நிலைகொள்ளவில்லை. “பாத்தியா தம்பி? கிட்ட நிண்ட மனுசன் சொல்றார், கேட்டுக்க! இரிங்க சேர், தொதல் கிண்டி வெச்சிருக்கன், கொண்டாறன்.”

“எனக்கும் தலையிடி விட்டுது,” என்று பஸ்லானும் சிரித்தான். கமிட்டிக்குச் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். றஸீனா குசினிக்குப் போனாள்.

கூடத்தில் இரண்டு பேரும் தனித்திருந்தார்கள். அப்ஹாம் எழுந்து வந்து ஆசிரியரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

“மச்சான் உதயா, அண்டைக்கு ஏறாவூர் ஆசுபத்திரியில கூவக்கட்டு வந்து கன்னம் வீங்கிக் கெடந்த எனக்குப் பதிலா என்ட பேரில இறங்கினாய், தெரிஞ்சா கப்பைப் பறிச்சிருவாங்க எண்டு நாப்பது வருஷம் வாய் திறக்காம இருந்தாய். ஆனா, அடிச்ச ஆளை முன்னால வெச்சுக்கிட்டு, நான்தான் அடிச்சன் எண்டு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல்லடா!”