பக்கத்துக் கட்டில்காரர்

"இவருக்குப் போட்டிருக்கிற குழாயிலேருந்து சிறுநீர் சாம்பிள் எடுத்து, என்ன கிருமின்னு பாருங்க. அதுக்கப்புறம்தான் மருந்து" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய் ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. கணவருக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே இருந்தது. மனைவி நான்காவது தடவையாக நர்ஸைக் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் இருங்கம்மா. இன்னைக்கு ஆஸ்பத்திரியைச் சோதிக்க ஆய்வுக் குழு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பக்கத்துக் கட்டிலின் திரைக்குள் நுழைந்தாள்.

உள்ளே பத்துப் பேராவது இருப்பார்கள். நர்ஸின் குரல் தேனாக வழிந்தது.

"ஐயா, பயப்படாதீங்க. குழாயை நல்லாத் துடைச்சிட்டு எடுக்கறேன். பையில தேங்கின சிறுநீரைத் தொட மாட்டேன். வலிச்சா சொல்லுங்க."

"பிரமாதம்" என்றது ஓர் ஆண்குரல்.

"கொடுத்து வச்ச மனுஷன்" என்று முனகினார் கணவர்.

"அவர் உங்களை மாதிரி தொணதொணக்கலை. காலையிலேருந்து வாயே திறக்கலை" என்றாள் மனைவி.

கைதட்டல் கேட்டது. குழு கிளம்பிப் போனது. நர்ஸ் திரையை விலக்கி, பக்கத்துக் கட்டில்காரரை ஒரே கையால் தூக்கினாள். காலை மடக்கி அலமாரிக்குள் திணித்துப் பூட்டினாள். பயிற்சிக்கு வைத்திருக்கும் பிளாஸ்டிக் பொம்மை.

"இப்பவாவது இவருக்கு எடுக்கலாமா?" என்று கேட்டாள் மனைவி.

"சாம்பிள் எடுக்கிற செட் ஒண்ணுதான் இருந்துச்சும்மா. அது அவருக்குப் போயிடுச்சு. நாளைக்குப் பார்க்கலாம்."

மனைவி கணவரைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள்.

"உள்ள இடம் இருந்தா இவரையும் வச்சிடுங்க சிஸ்டர். அடுத்த ஆய்வுக்கு வெளியே எடுங்க. வாயைத் திறக்காம இருக்கச் சொல்லிடறேன்."