கீழிருந்து ஒரு தட்டல்

"மெதுவாங்க! கீழ அந்தம்மா தூங்குற நேரம். மாவு பிசையறீங்களா, இல்ல மல்யுத்தம் பண்றீங்களா?"

மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். சமையலறை மேசையில் மாவோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்த தபால்காரர் நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்தார்.

"அழுத்திப் பிசையணும்னு வீடியோவுல சொல்றாங்களே, நான் என்ன பண்றது?"

மறுநாள் விடுமுறை. காலை உணவுக்கு இனிப்பு ரோல் செய்து தருவதாக மகளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். 'ரொம்ப ஈஸி! சாயங்காலம் பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் சுட்டு எடுத்துவிடலாம்' என்றது வீடியோ. போன ஞாயிற்றுக்கிழமை இதே ஈஸியை நம்பிச் செய்தவை, குப்பைக் கூடையில் 'ணங்' என்று விழுந்தன.

ரோல் போனால் போகட்டும், வீடு போய்விடக் கூடாதே என்பதுதான் மனைவியின் கவலை. நாலு வருஷத்தில் இது மூன்றாவது வீடு. கீழ்ப் பகுதியில் இருக்கும் வீட்டுக்கார அம்மாளைப் பற்றிப் புரோக்கர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குக் கிளம்பிடுவாங்க. சாயங்காலமே படுத்துடுவாங்க. சத்தம் ஆகவே ஆகாது. உங்களுக்கு முன்னாடி ரெண்டு குடும்பம் நிலைக்கல. கீழ இருந்து கம்பால சீலிங்கைத் தட்டினாங்கன்னா பெட்டியைக் கட்டிட வேண்டியதுதான்."

அன்றிலிருந்து மூவரும் அந்த வீட்டில் பூனை மாதிரிதான் நடந்தார்கள். வால் முளைக்காத குறையாகத் திரிந்ததால் 'வாலு' என்று பெயர் வாங்கிய மகள்கூட, குதிப்பதைப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

தபால்காரருக்குத் தோள் விட்டுப்போயிற்று. மாவு இன்னும் விரலை விடாமல் ஒட்டியது.

"போதும், மூணு நிமிஷமாச்சு" என்று கையை எடுத்தார்.

டொக்.

சத்தம் காலுக்கடியிலிருந்து வந்தது.

"போச்சு!" என்றாள் மனைவி. "கடையில வாங்கிக்கலாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?"

"அதான் நிறுத்திட்டேனே!"

டொக்.

"நிறுத்தின பிறகும் தட்டினா எப்படி?"

"கோபம் இன்னும் அடங்கலைன்னு அர்த்தம்."

வாலு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இந்த வீட்டையும் காலி பண்ணணுமாப்பா? இங்கதான் எனக்கு ஒரு ஃப்ரெண்டு கிடைச்சிருக்கா."

அவள் தலையைத் தடவிக்கொடுக்கப் போனவர், மாவு ஒட்டிய கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆனாலும் பிசைந்த மாவைப் பாதியில் விடவும் மனம் வரவில்லை. வீட்டில் இருந்த இரண்டு கம்பளிகளையும் மடித்து மேசைக் கால்களுக்கு அடியில் செருகினார். பயந்து பயந்து மறுபடி பிசைந்தார். கீழே சத்தமே இல்லை.

"பாத்தியா, கம்பளி வேலை செய்யுது!"

ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. மாவு ஒட்டுவதை விட்டு, குழந்தையின் கன்னம் மாதிரி மெத்தென்று ஆனது.

டொக், டொக்.

சூடு பட்டவர் போலக் கையை எடுத்துவிட்டார் தபால்காரர்.

"ஒண்ணு ரெண்டாச்சு" என்று மனைவி நாற்காலியில் உட்கார்ந்தாள். "நாளைக்குக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க, பாருங்க."

அதற்குமேல் யாரும் மூச்சுக்கூட விடவில்லை. மாவை விரித்து, வெண்ணெய் தடவி, சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவி, சுருட்டி, துண்டு போட்டு, ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் படுத்தார்கள்.

காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்த வாலு "அப்பா!" என்று கத்திவிட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். ரோல்கள் உப்பி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஓவனிலிருந்து எடுத்தபோது வீடெல்லாம் வாசனை. பிய்த்தால் பஞ்சு பஞ்சாக வந்தது.

"முதல்ல கீழ கொண்டுபோங்க" என்றாள் மனைவி. "அவங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நாம மன்னிப்புக் கேட்டுடுவோம்."

வாலுவையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். அன்று வேலைக்கு விடுமுறை என்பதால் வீட்டுக்கார அம்மாளே கதவைத் திறந்தார். சிரித்துப் பழகாத முகம்.

"மேடம், நேத்து சத்தம் போட்டதுக்கு... இனிமே மாவையே தொட மாட்டேன். தயவுசெஞ்சு வீட்டை மட்டும் காலி பண்ணச் சொல்லிடாதீங்க."

அந்த அம்மாள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. ஒரு ரோலை எடுத்து விரலால் அழுத்தினார். அழுத்திய இடம் மெல்ல எழும்பியது. பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"போன ஞாயித்துக்கிழமை செஞ்சது கல்லாத்தானே வந்துது?"

தபால்காரர் திகைத்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சத்தத்துலயே தெரிஞ்சுதே! நான் கம்பை எடுக்கறதுக்குள்ள முடிச்சுட்டீங்க. நேத்தும் அப்படித்தான் கையை எடுக்கப் பாத்தீங்க." இன்னொரு துண்டைப் பிய்த்துக்கொண்டார். "இருபது வருஷமா ரொட்டி ஃபேக்டரியில மாவு பிசையற பிரிவைப் பாத்துக்கறேன். மிஷின் இரைச்சல்ல வாயால சொன்னா எடுபடாது. ஒரு தட்டு தட்டினா இன்னும் பிசை, ரெண்டு தட்டினா போதும். நேத்து நான் தட்டினபடி கேட்டீங்க, பஞ்சா வந்திருக்கு."

"அப்போ நாங்க இங்கயே இருக்கலாமா ஆன்ட்டி?" என்றாள் வாலு.

"நீங்களாவது இருங்கம்மா" என்று பெருமூச்சு விட்டார் அவர். "முன்னாடி இருந்த ரெண்டு குடும்பமும் நல்லாத்தான் பிசைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. இன்னும் கொஞ்சம் பிசையுங்கன்னு ஒரே ஒரு தட்டுதான் தட்டினேன்... ஏன்னே தெரியல, வீட்டையே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க!"