பூவரசு நாற்காலி

செய்து முடித்த பொருளுக்குத்தான் மதிப்பெண் என்பது அந்த வடிவமைப்புக் கல்லூரியின் விதி. பெனாசிர் மட்டும் தன் நாற்காலியைத் தேர்வு அறைக்குக் கொண்டுவரவில்லை. அவளுடைய ஆசிரியை தமயந்தி, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரைக் கல்லூரிக்குப் பின்புறம் அழைத்துப்போனாள். அங்கே நான்கு பூவரசங்கன்றுகள் சதுரமாக நின்றன. முழங்கால் உயரத்தில் அவற்றை ஒன்றோடொன்று சேர வளைத்து, வாழைநாரால் கட்டியிருந்தாள் பெனாசிர். கட்டுக்குப் பக்கத்தில் இரண்டு இலைகள் புதிதாகத் துளிர்த்திருந்தன.

"மரத்த வெட்டாம நாற்காலி செய்ய முடியுமானு மேடம் வகுப்புல கேட்டாங்க சார். இது தானா வளந்து ஒட்டிக்கும்" என்றாள் கூடவே வந்த பெனாசிர்.

"எப்ப உக்காரலாம்?"

"பத்து வருஷம் ஆகும் சார்."

தேர்வாளர் சிரிக்கவில்லை. குனிந்து கட்டைத் தொட்டுப் பார்த்தார். "நீ மே மாசம் போயிடுவ. அப்புறம் யாரு தண்ணி ஊத்துவா?"

பெனாசிர் அதை யோசித்திருக்கவில்லை. முகம் வாடிப்போனது.

"நான் பாத்துக்கறேன்" என்றாள் தமயந்தி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. இந்த ஆண்டோடு போய்விடலாம் என்று சொல்லிச் சொல்லியே அங்கே ஐந்து ஆண்டுகளை ஓட்டியவள் அவள். மேசையில்கூடத் தனக்கென்று ஒரு பொருள் வைத்துக்கொண்டதில்லை.

"பத்து வருஷமும் இங்கயே இருப்பீங்களா?"

"இருப்பேன் சார்."

அவர் மதிப்பெண் தாளை எடுத்து நின்றபடியே எழுதினார். தமயந்தி அதைப் பார்க்கவில்லை. தண்டு பருத்தால் நாரை எப்போது அவிழ்த்துக் கட்ட வேண்டும் என்று பெனாசிரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.