ரெக்ஸ்லின் சாயல்

மார்த்தாண்டத்தில் ரெக்ஸ்லினும் அஜினும் ஏழு வருடமாக வீடியோ கேம் இசையை மெட்டல் ராக்காக மாற்றி யூடியூபில் வெளியிட்டு வந்தார்கள். அஜின் கிட்டார், ரெக்ஸ்லின் டிரம்ஸ். பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டு நொறுங்கியபோது, கை குணமாகும்வரை தன் பழைய பதிவுகளைக் கேட்டுப் பழகிய ஏஐ கருவி தனக்குப் பதிலாக வாசிக்கட்டும் என்று ரெக்ஸ்லின்தான் கையெழுத்துப் போட்டான்.

பதினோரு மாதம் கழித்து அவனே டிரம்ஸ் முன் வந்து உட்கார்ந்தான். ஒரு கேமில் டிராகனோடு மோதும் கடைசிக் கட்டத்தின் இசை. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு முழுசாக வாசித்து முடித்தான்.

அஜின் ஹெட்போனைக் கழற்றினான்.

"நல்லாத்தான் இருக்கு மக்கா. ஆனா ரெக்ஸ்லின் மாதிரி இல்ல."

"ரெக்ஸ்லின் நான்தாம்லே!"

"கேக்குறவங்களுக்கு அது தெரியாண்டாமா?"

அதே இசையை ஏஐ கருவி வாசித்திருந்ததை அஜின் ஓடவிட்டான். விபத்துக்கு முந்தைய அவனுடைய வேகம், அவனுடைய திமிர். அதுதான் நன்றாக இருந்தது என்பது ரெக்ஸ்லினுக்கே தெரிந்தது.

"வீடியோவுக்கு உன் முகம் வேணும். சும்மா கையசைச்சா போதும்," என்றபடி அஜின் சத்தம் வராமலிருக்க டிரம்ஸ் மேல் துண்டுகளை விரித்தான்.

கேமரா ஓடியது. கருவியின் வாசிப்பு ஒலிக்க, ரெக்ஸ்லின் துண்டுகள்மேல் குச்சியை வீசினான். பாதியிலேயே அஜின் கையைத் தூக்கி நிறுத்தினான்.

"பிந்துற மக்கா. அது வாசிக்குறதக் கேட்டுப் பிடி."

ரெக்ஸ்லின் தலையாட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.