சோடா கம்பெனி இருந்த தெரு

“நன்னாரி சர்பத் காய்ச்சுறது அவ்வளவு பெரிய குத்தமா மேடம்? எவன் கம்ப்ளெயின்ட் கொடுத்தான், சொல்லுங்க!” பொழிச்சலூர் வீட்டின் கார் ஷெட்டில் நின்று கத்தினார் ஷ்யாம்சுந்தர். ரிடையர் ஆனபின் ஆசை ஆசையாகத் தொடங்கிய தொழில்.

“யாரும் கொடுக்கலை சார். நீங்க லைசென்ஸ் கேட்டீங்க, பார்க்க வந்தேன்,” என்றார் அதிகாரி ஹேமாவதி. “இந்தத் தெரு முழுக்கக் குடியிருப்பு மண்டலம். இங்க எந்தக் குளிர்பானமும் தயாரிக்கக் கூடாது.”

“யார் போட்ட ரூல் இது?”

“முன்னாடி இங்க ஒரு சோடா கம்பெனி இருந்துதாம். சத்தம் தாங்கலைன்னு தெருக்காரங்களே மனு கொடுத்து, குடியிருப்பு மண்டலமா மாத்த வெச்சிருக்காங்க. இதோ, அந்த மனு.”

வாங்கிப் பார்த்த ஷ்யாம்சுந்தர் அதை மெல்ல மடிக்கத் தொடங்கினார்.

மூலையில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த கிளியம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள்.

“இதையும் மூடச் சொல்றாங்களா சார்? எனுக்கு இது ரெண்டாவது தபா. அந்த சோடா கம்பெனி எங்க வூட்டுக்காரரு வெச்சது. மூடுன கவலையிலயே அவரு போய்ட்டாரு. இந்த நெலமையில நீங்கதான் கூப்ட்டு வேலை குட்த்தீங்க.” அவள் அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். “எனுக்குப் படிக்கத் தெரியாது சார். யார் யாரு கையெழுத்துப் போட்டிருக்காங்க? மொத பேர்லேர்ந்து படிச்சுச் சொல்லுங்க.”

ஷ்யாம்சுந்தர் கண்ணாடியைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவினார். கண்ணாடி முகத்தில்தான் இருந்தது.

முதல் கையெழுத்து அவருடையது.